டீசல் ரொப்பிய நாட்களில் நின்ற வண்டி

விழுப்புரம் பணிமனைத் தம்பிகள் ஆண்டு மலர் போடுகிறார்களாம். அதில் நானும் எழுத வேண்டுமாம். இப்போதைய போர்மேன் வீட்டுக்கே வந்துவிட்டார். "சார், முப்பத்தி நாலு வருஷ சர்வீஸ்ல உங்கள ரொம்ப பேஜாரு பண்ண வண்டி எது? அதப்பத்தி எழுதிக் குடுங்க" என்றார். பணிமனையில் இப்போது ஸ்கேனர் வந்துவிட்டது. ஒயரைச் செருகினால் பஸ் தன் நோயைத் தானே திரையில் எழுதிக் காட்டுகிறது. இது இல்லாத காலத்தில் நாங்கள் எப்படிச் சமாளித்தோம் என்று தெரிந்துகொள்ள அவர்களுக்கு ஆசை.

அவர் எதிர்பார்த்தது ஒரு பஸ்ஸின் கதையை. உண்மையைச் சொன்னால், என்னை ரொம்ப பேஜாரு பண்ணிய வண்டி பணிமனை வண்டியே இல்லை. ஓய்வு பெற்ற பிறகு நானே தேடிப் பிடித்து வாங்கிய பழைய எஸ்.யூ.வி. அது. மலரில் போட்டால் போடட்டும், போடாவிட்டால் போகட்டும். சிரித்துக்கொண்டேதான் எழுதுகிறேன்.

படிப்பு, பயிற்சி பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக் முடித்தேன். இரண்டு வருடம் மற்றவர்களுக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தேன், மூன்றாம் வருடம் நானே பிடித்தேன். அந்த மூன்றாம் வருடமே எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். இந்த நினைப்பு என்னை விட்டுப் போக நாற்பது வருடம் ஆனது.

எங்கள் பணிமனைப் பொறியாளர் வரதராஜுலு சார். வெள்ளைச் சட்டை, வெள்ளை பேண்ட். பஸ்ஸுக்கு அடியில் இருக்கும் பள்ளத்தில் இறங்கி ஏறினாலும் அவர் மேல் ஒரு பொட்டுக் கரி ஒட்டாது. எப்படி என்று எங்களுக்குக் கடைசி வரை புரியவில்லை. யாரையும் சத்தம் போட மாட்டார். ஹெல்பரைக்கூட "வாங்க, போங்க" என்றுதான் கூப்பிடுவார். அவர் மரியாதை கூடக்கூட, செய்த வேலையை நாங்கள் இன்னொரு முறை போய்ப் பார்ப்போம்.

அவரிடம் இரண்டு பிடிவாதங்கள் உண்டு. முதலாவது, கம்ப்ளெயின்ட் நோட்டு. டிரைவர் வண்டியைக் கொண்டுவந்து விட்டதும், அவர் என்ன சொல்கிறாரோ அதை அவர் வாயில் வந்த மாதிரியே எழுத வேண்டும். "வண்டி முக்குதுப்பா" என்றால் "முக்குது" என்றே எழுத வேண்டும். நம் மேதாவித்தனத்தைக் காட்டி "இழுவை குறைவு" என்று எழுதினால் நோட்டு திரும்பி வரும். எழுதி முடித்த பிறகு, டிரைவரை வைத்தே வண்டியை ஓட்டச் சொல்வார். தான் போய் கடைசி சீட்டில் உட்கார்ந்துகொள்வார். "முன்னாடி உக்காந்தா இஞ்சின் மட்டுந்தான் பேசும். மத்ததெல்லாம் பின்னாடி உக்காந்தாத்தான் கேக்கும்" என்பார்.

ஒரு முறை திண்டிவனம் போய் வரும் ஆர்டினரி பஸ் ஒன்றில் பின்பக்கம் 'டங் டங்' என்று சத்தம். நான்தான் பார்த்தேன். நோட்டில் "பின்பக்க ஸ்பிரிங் சத்தம்" என்று எழுதிவிட்டு ஸ்பிரிங் புஷ்ஷை மாற்றினேன். மறுநாளும் சத்தம். ஷேக்கிள் பின்னை மாற்றினேன். மறுநாளும் சத்தம். நான்காவது நாள் சார் என்னைக் கூப்பிட்டார்.

"சவரி, டிரைவர் இன்னா சொன்னாருங்க?"

"பின்னாடி சத்தம் வருதுன்னாரு சார்."

"அவ்வளவுதான் சொன்னாரா? அவரையே கேட்டுப் பாருங்களேன்."

டிரைவரைக் கேட்டேன். "போம்போது பேசுதுப்பா. வரும்போது பேசல. முதல் நாளே சொன்னனே" என்றார். அதை நான் காதில் வாங்கவே இல்லை. ஸ்பிரிங்குக்கு வழி தெரியுமா என்ன, போகும்போது பேசி வரும்போது சும்மா இருக்க?

சார் கடைசி சீட்டில் உட்கார்ந்து திண்டிவனம் வரை போய் வந்தார். இறங்கியதும் பள்ளத்துக்குப் போகவில்லை. பஸ்ஸின் பின்னால் போய், கூரைக்கு ஏறும் இரும்பு ஏணியைப் பிடித்து ஆட்டினார். 'டங்' என்றது. கீழ்ப் போல்ட்டே இல்லை. திண்டிவனத்திலிருந்து வரும்போது காய்கறி வியாபாரிகள் மூட்டைகளைக் கூரையில் ஏற்றி, கயிற்றை இழுத்து ஏணியோடு கட்டுவார்கள். ஏணி அசையாது. போகும்போது மூட்டை இல்லை, கயிறு இல்லை, ஏணி ஆடுகிறது. சார் என்னைத் திட்டவில்லை. "ஒரு போல்ட் போட்டுடுங்க சவரி" என்று சொல்லிவிட்டுப் போனார். திட்டியிருந்தால் அன்றே மறந்திருப்பேன்.

இரண்டாவது பிடிவாதம் டீசல். ஒரு லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதுதான் பணிமனையின் உயிர். டேங்க் மூடியைச் சுற்றி ஈரம் தெரிந்தால் சார் முகம் சுருங்கும். அதற்காகவே நான் ஒரு வேலையில் கைதேர்ந்தேன். பழைய டயர் டியூபை வெட்டி, மூடிக்கு வாஷர் செய்து இறுக்கமாகப் போடுவேன். ஒரு சொட்டு வெளியே வராது. பக்கத்துப் பணிமனைகளிலிருந்துகூட என் வாஷரைக் கேட்டு வாங்கிப் போவார்கள். என் தொழிலில் எனக்கு ரொம்பப் பிடித்த வேலை எது என்று கேட்டால், இஞ்சின் பிரிப்பது இல்லை, இந்த வாஷர்தான். இதில் எனக்கு இருந்த கர்வத்தை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

இப்போது எஸ்.யூ.வி.க்கு வருகிறேன்.

என் மகள் அமலா கால்நடை மருத்துவர். பிரம்மதேசத்துப் பக்கத்தில் ஒரு கிராமத்து மருந்தகத்தில் வேலை. வீடு எங்களோடு விழுப்புரத்தில். திண்டிவனம் வரை பஸ், அங்கிருந்து ஸ்கூட்டர். மருந்துப் பெட்டியையும் கயிறுகளையும் ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு மண் பாதையில் போய் இரண்டு முறை விழுந்துவிட்டாள். ஆனால் அவளுக்கு அந்த ஊர்களும் மாடுகளும் என்றால் உயிர். சாப்பிடும்போதுகூட எந்த வீட்டுப் பசு சினை, எந்த வீட்டு ஆடு வயிறு உப்பிக் கிடக்கிறது என்றுதான் பேசுவாள். அவளுக்கு ஒரு நல்ல வண்டி வாங்கித் தர வேண்டும் என்று முடிவு செய்தேன்.

வண்டியையும் அவள்தான் சொன்னாள். அவள் வைத்தியம் பார்க்கும் ஊரில் எத்திராஜ் என்று ஒரு விவசாயி. சொந்த நிலத்தில் நெல்லும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் போடுகிறவர், நான்கு மாடு வைத்திருக்கிறார். அவருடைய ஏழு பேர் உட்காரும் டீசல் வண்டி களத்துமேட்டில் சும்மா நிற்கிறது என்றாள்.

நான் பார்க்கப் போன விதம் இருக்கிறதே, மாப்பிள்ளை வீட்டார் தோற்றார்கள். "நான் வர்றதுக்கு முன்னாடி ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று போனிலேயே சொல்லிவிட்டேன். போனதும் பானெட்டில் கையை வைத்துப் பார்த்தேன், சூடு இல்லை. ஸ்டார்ட் செய்ய வைத்து, ஆயில் மூடியைத் திறந்து புகை வருகிறதா என்று பார்த்தேன். சைலன்சருக்குப் பின்னால் வெள்ளைத் தாளைப் பிடித்தேன். அடிபட்டு ஒட்டிய வண்டியா என்று கதவோர ரப்பரை உரித்து வெல்டிங் புள்ளிகளை எண்ணினேன். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்த்தேன். வெள்ளத்தில் மூழ்கிய வண்டியாக இருந்தால் உள்ளே சுருண்டிருக்கும் பகுதியில் சேறு இருக்கும். சுத்தமாக இருந்தது. எத்திராஜ் கையைக் கட்டிக்கொண்டு இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், ஒண்ணு ரெண்டு ரிப்பேரு இருக்குது. மறைக்கல. ஏசி போட்டா ஒரு மாதிரி வாட அடிக்குது. பின்கதவு தொங்குது. ஆனா ஒண்ணு, வழியில நின்னதுன்னு ஒரு நாள் கிடையாது" என்றார்.

வண்டி வந்த ஒரு வாரம் எனக்குத் திருவிழா. பின்கதவின் கீலை மாற்றினேன். துடைப்பானைச் சரி செய்தேன். இடது பக்கக் கண்ணாடியை மேலே ஏற வைத்தேன். ஓய்வு பெற்றதிலிருந்து சும்மா கிடந்த கைக்கு அப்படி ஒரு சந்தோஷம். ஏசியைப் பார்க்கலாம் என்று என் மனைவி பிலோமினாவை முன்சீட்டில் உட்கார வைத்து ப்ளோயரைப் போட்டேன். உள்ளேயிருந்து ஒரு படி மல்லாட்டைத் தோல் அவள் முகத்தில் கொட்டியது. எத்திராஜ் வீட்டு எலிகள் இரண்டு போகமாக அங்கே சேமித்திருக்கின்றன. அவள் தலையைத் தட்டிக்கொண்டே, "பருப்ப மட்டும் துன்னுட்டு தோல நமக்கு வெச்சிருக்குதுங்க" என்றாள். அன்று முழுக்கச் சிரித்தோம்.

கடைசியாக ஒன்று கண்ணில் பட்டது. டேங்க் மூடிக்குக் கீழே டீசல் ஈரம். மூடியில் ஒரு கிழிந்த வேட்டித் துணியைச் சுற்றி வைத்திருந்தார் எத்திராஜ். எனக்கு ரத்தம் கொதித்தது. துணியைத் தூக்கி எறிந்துவிட்டு, டியூபை வெட்டி, என் கைவண்ணத்தில் ஒரு வாஷர் போட்டு இறுக்கினேன். ஈரம் போன இடம் தெரியவில்லை. அமலாவிடம் சாவியைக் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் வண்டி நின்றது. விழுப்புரத்திலிருந்து கிளம்பி, மயிலம் பிரிகிற இடத்தைத் தாண்டி, திண்டிவனம் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இரண்டு திணறு திணறி அணைந்துவிட்டது. கால் மணி நேரம் கழித்துத் தானே ஸ்டார்ட் ஆனது. பேட்டரி முனை லூஸ் என்று சொல்லி இறுக்கினேன். அடுத்த வாரம் மறுபடி. டீசல் ஃபில்டரை மாற்றினேன். மறுபடி. டேங்கைக் கழற்றிக் கழுவி, கொஞ்சம் டீசலை ஊற்றி நானே திண்டிவனம் போய் வந்தேன். அருமையாக ஓடியது. "சரியாயிடுச்சி" என்று அறிவித்தேன். அமலா டீசல் போட்டுக்கொண்டு போனாள். நின்றது.

அன்று இரவுச் சாப்பாட்டில் அவள் சொன்னாள். "அப்பா, நான் ஒண்ணு கவனிச்சேன். டீசல் ரொப்பின அன்னிக்குத்தான் நிக்குது."

"வயிறு ரொம்பினா தூக்கம் வர்றதுக்கு அது இன்னா மனுஷனா?" என்று சிரித்தேன். "பங்க்குல டீசல் சரியில்லம்மா. வேற பங்க்குல போடு."

வேறு பங்க்கில் போட்டாள். அங்கே போட்ட அன்றும் நின்றது. ஸ்கேனர் வைத்திருக்கும் கடைக்காரர் ஒருவர், "டீசல் சரியா வரலன்னு காட்டுது சார், ஏன்னு காட்டல" என்றார். அவரையும் நக்கல் செய்துவிட்டு வந்தேன்.

ஒரு நாள் வண்டி வழியில் நின்றதால் அவள் போய்ச் சேரத் தாமதமாகி, ஒரு வீட்டில் கன்று செத்துப்போனது. அவள் வந்ததும் சாப்பிடக்கூட உட்காராமல் படுத்துக்கொண்டாள். அந்தக் கோபத்தை நான் யார் மேல் காட்ட வேண்டும்? என் மேல் காட்டியிருக்க வேண்டும். மறுநாள் விடிந்ததும் பஸ் ஏறி எத்திராஜ் ஊருக்குப் போனேன். சொசைட்டியில் பால் ஊற்றும் நேரம். கேன்களோடு முப்பது பேர் நின்றிருந்தார்கள். எத்திராஜும் வரிசையில் இருந்தார்.

"நோவு புடிச்ச வண்டிய என் பொண்ணு தலையில கட்டிட்டு நீ இங்க பால் ஊத்திக்கினு நிக்கிறியா?" என்று ஆரம்பித்தேன்.

"சார், எங்கிட்ட இருந்த வரைக்கும் ஒரு நாளும் நின்னதில்ல சார்."

"பொய். சூடம் அடிச்சி சொல்லுவியா?"

சொல்லியிருக்கக் கூடாத வார்த்தை. அந்தப் பக்கத்தில் எரிகிற சூடத்தைக் கையால் அடித்து அணைத்து ஒருவர் சத்தியம் செய்தால் அதோடு பேச்சு முடிந்தது. அதற்கு மேல் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். வேதக்காரன், அதாவது கிறிஸ்தவனான நான் அதை அவரிடம் கேட்கிறேன். எத்திராஜ் கேனைக் கீழே வைத்தார். பக்கத்துக் கடையிலிருந்து சூடம் வரவழைத்தார். தரையில் ஏற்றி, அத்தனை பேர் முன்னால் உள்ளங்கையால் அடித்து அணைத்தார். "இந்த வண்டி எங்கிட்ட நின்னதில்ல" என்றார். அதற்கும் நான் அடங்கவில்லை. "சூடத்த யாரு வேணா அடிக்கலாம்" என்று சொல்லிவிட்டு வந்தேன். ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

மதியத்துக்குள் சேதி அமலாவுக்குப் போய்விட்டது. சாயங்காலம் வீட்டுக்கு வந்தவள் கத்தவில்லை. மேசையில் உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதினாள். களப்பணி வேண்டாம், விழுப்புரத்தில் ஆபீஸ் வேலை கொடுங்கள் என்று மேலதிகாரிக்கு விண்ணப்பம்.

"திங்கக்கிழம குடுக்கப் போறேன்" என்றாள். "நேரத்துக்குப் போய்ச் சேர முடியல. அது ஒண்ணு. இனிமே அந்த ஊருல நான் எந்த மூஞ்ச வெச்சிக்கினு நிப்பேன்? அவரு வீட்டுக் கொட்டாய்ல நான் எத்தன வாட்டி சோறு துன்னிருக்கேன் தெரியுமாப்பா?"

 ஆபீஸ் நாற்காலியில் அவளை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. வானூரில் டீசல் பம்ப் வேலையில் கெட்டிக்காரர் ஒருவர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு, திங்கட்கிழமை அவரிடம் கொண்டுபோகலாம் என்று சனிக்கிழமை டேங்கை முழுக்க ரொப்பி வைத்தேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

ஞாயிறு காலைப் பூசை முடிந்து நாங்கள் மூவரும் மாதா கோவிலை விட்டு வெளியே வந்து வண்டியருகே போனபோது அமலாவின் போன் அடித்தது. எத்திராஜ். அவர் குரல் எனக்கும் கேட்டது.

"டாக்டரம்மா, உங்க அப்பா மேல எனக்குக் கோவந்தான். ஆனா மாடு இன்னா பண்ணுச்சி? ராத்திரிலருந்து முக்கிக்கினே கெடக்குது. கன்னு வெளிய வரல. கொஞ்சம் ஜல்தி வாம்மா."

அவள் என்னைப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த ஊருக்கு பஸ் கிடைப்பது கஷ்டம். "ஓட்டுங்கப்பா" என்றாள். மருந்துப் பெட்டி வண்டியிலேயே இருந்தது. அவள் முன்சீட்டில் உட்கார்ந்து போனில் எத்திராஜுக்கு என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது என்று சொல்லிக்கொண்டே வந்தாள். பிலோமினா பூசைக்குக் கட்டிய புதுப் புடவையோடு பின்சீட்டில் உட்கார்ந்தாள். அந்த வண்டியில் அவள் பின்னால் உட்கார்ந்தது அன்றுதான் முதல் முறை.

கூட்டேரிப்பட்டு தாண்டியதும் பின்னாலிருந்து அவள் குரல். "என்னாங்க, கீழ யாரோ தகர டின்ன அமுக்கற மாதிரி சத்தம் வருது."

"சும்மா வா. இஞ்சின் சத்தத்த கேக்க விடு."

கொஞ்ச தூரம் போனதும், "த்தோ, இன்னொரு வாட்டி அமுக்குது" என்றாள். அடுத்த நிமிடம் வண்டி திணறியது, இரண்டு முறை குலுங்கியது, அணைந்தது. திண்டிவனம் எதிரே தெரிந்தது. நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தேன். அமலா போனை அணைத்தாள். பெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கி, ஆட்டோ கிடைக்குமா என்று ரோட்டோரம் நடக்க ஆரம்பித்துவிட்டாள். அந்த முதுகைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

வழக்கம்போல பானெட்டைத் திறக்கப் போனேன். பிலோமினா கண்ணாடியை இறக்கி, "முன்னாடி எங்க போறீங்க? சத்தம் என் சீட்டுக்கு அடியிலதான வந்துது" என்றாள்.

என் கை நின்றது. கடைசி சீட்டில் உட்கார்ந்திருக்கிறவள் சொல்கிறாள். ஓட்டுகிறவள் ஏற்கெனவே சொல்லியிருக்கிறாள். நான் ஒருவன்தான் இரண்டையும் நோட்டில் ஏற்றாதவன். பின்சீட்டுக் கதவைத் திறந்து அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"எந்த எடத்துல? காலால காட்டு."

பாதத்தால் தட்டிக் காட்டினாள். அதற்கு நேர் கீழே டீசல் டேங்க். டீசல் ரொப்பின அன்றுதான் நிற்கிறது. யாரோ தகர டின்னை அமுக்குகிறார்கள். டேங்கை யார் அமுக்குவார்கள்? உள்ளே காற்று இல்லை என்றால் வெளியே இருக்கிற காற்றுதான் அமுக்கும்.

ஓடிப்போய் மூடியைத் திருகினேன். 'புஸ்ஸ்' என்று காற்று உள்ளே போனது. அடியில் 'டொக்' என்று டேங்க் தன் வடிவத்துக்குத் திரும்பியது. கையில் மூடி. மூடியில் என் வாஷர்.

எங்கள் பஸ்களில் டேங்குக்குக் காற்று போக வர தனியாகக் குழாய் உண்டு. மூடியை எவ்வளவு இறுக்கினாலும் ஒன்றும் ஆகாது. இந்த வண்டிக்கு மூச்சு மூடி வழியாகத்தான். மூடியிலிருந்த சின்ன ஓட்டை களத்துமேட்டுப் புழுதியில் அடைத்துப் போயிருக்கிறது. எத்திராஜின் வேட்டித் துணி வழியாக அது எப்படியோ மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. நான் வந்து மூக்கையும் வாயையும் சேர்த்துப் பொத்திவிட்டேன். டேங்க் நிரம்பியிருந்தால் உள்ளே இருக்கிற காற்று கொஞ்சம், சீக்கிரம் தீர்ந்து, டீசலை விடாமல் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். பாதி டேங்கில் அதே தூரம் தாக்குப்பிடிக்கும். நின்ற பிறகு கால் மணி நேரத்தில் கொஞ்சம் காற்று கசிந்து உள்ளே போனதும் மறுபடி ஓடும். வண்டிக்கு ஒரு நோயும் இல்லை. முப்பத்தி நாலு வருட அனுபவம்தான் அதன் நோய்.

வாஷரைப் பிய்த்து வயலில் எறிந்தேன். பிலோமினாவின் கைக்குட்டையை வாங்கி மூடியில் சுற்றினேன். சாவியைத் திருப்பியதும் பிடித்துக்கொண்டது. ஹாரனை அடித்துக்கொண்டே போய் அமலாவின் பக்கத்தில் நிறுத்தினேன்.

"ஏறும்மா. இனிமே நிக்காது."

"இத எத்தன வாட்டி சொல்லிட்டீங்க?" என்றபடியே ஏறினாள். போகிற வழியில் விஷயத்தைச் சொன்னேன். அவள் முதலில் நம்பவில்லை. பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று பயந்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

எத்திராஜின் கொட்டகையில் பசு படுத்துக் கிடந்தது. என்னைப் பார்த்ததும் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அமலா கையைக் கழுவிக்கொண்டு தோள்பட்டை வரை உள்ளே விட்டுப் பார்த்தாள். "ஒரு முன்னங்கால் மடங்கியிருக்கு. கன்னு உசுரோடதான் இருக்குது" என்றாள். கண்ணை மூடிக்கொண்டு, உள்ளே இருக்கும் காலைத் தேடிப் பிடித்து, குளம்பை உள்ளங்கையால் மூடி, மெதுவாக நிமிர்த்தினாள். அவள் நெற்றியிலிருந்து வேர்வை சொட்டியது. என் மகள் வேலை செய்வதை நான் அதுவரை பார்த்ததே இல்லை. இரண்டு கால்களிலும் கயிறு கட்டி, ஒரு முனையை எத்திராஜிடமும் இன்னொன்றை என்னிடமும் கொடுத்தாள். முகம் கொடுத்துப் பேசாத இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்தில் நின்றோம்.

"அப்பா, உங்க இஷ்டத்துக்கு இழுக்காதீங்க. அது முக்கும்போது மட்டும் இழுங்க. அது நிறுத்தினா நீங்களும் நிறுத்தணும்."

"சரிம்மா" என்றேன். சொன்னபடி செய்தேன். நாலாவது முக்கலில் கன்று வழுக்கிக்கொண்டு வைக்கோலில் விழுந்தது. அசையவில்லை. அமலா மூக்கைத் துடைத்து, வைக்கோல் துரும்பை மூக்கில் விட்டுக் குடைந்தாள். ஒரு தும்மல். பிறகு இன்னொன்று. தலையைத் தூக்கி எங்களைப் பார்த்தது. கிடேரி, பெண் கன்று. பிலோமினா புதுப் புடவை என்றும் பார்க்காமல் அதைத் துடைக்க உட்கார்ந்துவிட்டாள்.

எத்திராஜிடம் அங்கேயே விஷயத்தைச் சொல்ல வாயெடுத்தேன். பிறகு நிறுத்திக்கொண்டேன். கொட்டகையில் மன்னிப்புக் கேட்பது சுலபம். நான் அவரை அவமானப்படுத்தியது கொட்டகையில் இல்லை. சாயங்காலப் பால் நேரம் வரை காத்திருந்து, அவருடைய பால் கேனை நானே தூக்கிக்கொண்டு சொசைட்டிக்குப் போனேன். அவர் ஒன்றும் புரியாமல் பின்னால் வந்தார். வரிசையில் அதே முகங்கள்.

"அன்னிக்கு நான் இங்க நின்னு இவர பொய்யன்னு சொன்னேன்" என்றேன். "வண்டி நின்னதுக்குக் காரணம் இவரு இல்ல. நான் போட்ட ஒரு ரப்பர் வாஷர். தப்பு முழுசா என்னுது. இவரு அடிச்ச சூடத்துக்கு ஈடா நானும் அடிக்கிறேன். யாராவது வாங்கிக்கினு வாங்க."

யாரும் அசையவில்லை. எத்திராஜ் என் கையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். "உங்களுக்குப் பழக்கமில்ல சார். கைய சுட்டுக்குவீங்க. டீ சாப்பிடுங்க" என்றார். வரிசையில் ஒரு அம்மாள் சிரித்தாள், பிறகு எல்லோரும் சிரித்தார்கள். எத்திராஜுக்கும் அடக்க முடியவில்லை. "ரிட்டையர் ஆன மெக்கானிக்குக்கு வண்டிய வித்தது என் தப்புதான்" என்றார். அந்த டீயைப் போல் ஒரு டீயை நான் குடித்ததில்லை.

டம்ளரைக் கீழே வைப்பதற்குள் அமலாவின் போன் மறுபடி அடித்தது. இரண்டு ஊர் தள்ளி ஓர் ஆட்டுக்கு வயிறு உப்பிவிட்டதாம். அவள் பேசி முடித்துவிட்டு என் எதிரே வந்து கையை நீட்டினாள்.

"சாவி குடுங்கப்பா. நீங்களும் அம்மாவும் பஸ்ல போய்டுங்க. எனக்கு நேரம் ஆகும்."

கொடுத்தேன். வண்டியில் ஏறி ஸ்டார்ட் செய்தவள், கண்ணாடியை இறக்கி எட்டிப் பார்த்தாள்.

"அப்பா, அந்த லெட்டரு மேச மேல இருக்குது. கிழிச்சிப் போட்டுடுங்க."

நானும் பிலோமினாவும் இரண்டு பஸ் மாறி விழுப்புரம் வந்தோம். வழியெல்லாம் அவள் கன்றுக்குப் பெயர் வைத்துக்கொண்டே வந்தாள். வீட்டைத் திறந்ததும் நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை, நேராக மேசைக்குத்தான் போனேன்.